சின்னண்ணா இருந்த பகல்

பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றோம். தூரிட் தன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பின்சில்லில் அப்பியிருந்த சேற்றை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் கையுறைகளைக் கழற்றிப் பிழிந்தேன். மேலே லொறி போகும்போதெல்லாம் பாலத்தின் விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டியது. அந்த இரைச்சலுக்குள் என் கைத்தொலைபேசி அடித்தது.

ஒஸ்லோவிலிருந்து என் கணவர்.

"வதனி, சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனிதர் என்னைச் சாப்பிட்டாயா என்று தொலைபேசியில் கேட்டதே கிடையாது. கையுறைகளைக் கீழே போட்டுவிட்டு, கைத்தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

மீன் தொழிற்சாலைக் கதைகளை இந்தத் தொடரில் எழுதியபோது சின்னண்ணா இடைக்கிடை வந்து போனார். அவருக்குப் பிறகு என்ன நடந்தது, இப்போது எங்கே இருக்கிறார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வாரா வாரம் வேறு எதையாவது எழுதித் தப்பிக்கொண்டே வந்தேன். இந்த வாரம் தப்ப முடியவில்லை.

மழையில் நனைய ஒரு பயணம்

தூரிட் என்னோடு வேலை செய்த தாதி. ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவள் மூத்த தாதி, நான் உதவியாள். கோடை விடுமுறை வந்தால் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு தேசத்துக்குப் போய்விடுவாள். அந்த வருடம் என்னையும் பிடித்துக்கொண்டாள். ஜேர்மனியில் மோசல் ஆறு, டிரியர் நகரத்தில் தொடங்கி கோப்ளென்ஸ் வரை, ஆற்றங்கரைப் பாதை, ஏற்றமே இல்லை, இரண்டு பக்கமும் வைன் வடிக்கிற முந்திரிகைத் தோட்டம் என்று ஆசை காட்டினாள். இரவு தங்கும் விடுதிகளை எல்லாம் முன்கூட்டியே பதிந்துவிட்டாள். ஆகவே மழை பெய்தாலும் அடுத்த விடுதிக்குப் போய்த்தான் ஆகவேண்டும். மழையை ஒரு காரணமாகச் சொல்வது அவள் அகராதியில் இல்லை.

சின்னண்ணா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"சண்டைக்குள்ளை பெற்றோல் இல்லாத காலத்தில ஊரெல்லாம் சைக்கிள் ஓடினது உனக்குக் காணாதோ? அகதியா வந்து, வேலை எடுத்து, லீவும் எடுத்து, இப்ப திரும்பவும் சைக்கிளோ?"

பிறகு அவரே என் சைக்கிளைக் கீழே நிலவறைக்குக் கொண்டுபோய் செயினுக்கு எண்ணெய் விட்டு, இருக்கையை உயர்த்தி, மணியையும் மாற்றித் தந்தார். "போயிட்டு வா, பிள்ளை. வீட்டை நான் பாக்கிறன்" என்றார்.

அவர் எங்களோடுதான் இருந்தார். ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் அடுக்குமாடியில், வாசலோடு இருக்கும் சின்ன அறை அவருடையது. கல்யாணம் கட்டவில்லை. முதலில் நோர்வேயின் வடக்கு அந்தத்தில் இருக்கும் பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து மீன் வெட்டியவர் அவர். பிறகு என்னை நோர்வேக்கு எடுத்தார், பெரியண்ணாவைக் கனடாவுக்கு அனுப்பினார், என் கல்யாணத்தை நடத்தினார். எங்களை ஒவ்வொருவராகக் கரையேற்றுவதிலேயே அவருக்கு வயது போய்விட்டது. என் மகள் அபிக்கு நடக்கப் பழக்கியதும் அவர்தான். அவருக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஆள் நான் ஒருத்தி.

எங்கள் ஆட்கள் சாவு சொல்லும் விதம்

முதியோர் இல்லத்தில் யாராவது இறந்தால் உறவினருக்கு நாங்கள்தான் தொலைபேசியில் சொல்லவேண்டும். தூரிட் அதை எனக்குப் பழக்கியிருந்தாள். உன் பெயரைச் சொல். எங்கிருந்து பேசுகிறாய் என்று சொல். "உங்கள் அம்மா இன்று காலை இறந்துவிட்டார்" என்று சொல். இறந்துவிட்டார் என்ற சொல்லைக் கட்டாயம் சொல். பிறகு பேசாமல் இரு. முதல் தடவை சொன்னபோது, இவ்வளவு இரக்கமில்லாத சனமா என்று நினைத்தேன்.

எங்கள் ஆட்கள் அப்படிச் செய்யவே மாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அன்பு கூடிப்போச்சு. முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்பார்கள். பிறகு, செத்துச் சாம்பலானவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்து, கதைக்கிறார், கஞ்சி குடிக்கிறார், உன்னைக் கேட்டவர் என்பார்கள். நான் கதைக்கலாமா என்று கேட்டால், இப்ப ஏலாது, டொக்டர் பார்க்கிறார், பின்னேரம் எடுத்துத் தாறன் என்பார்கள். பதறாதே என்பார்கள். இப்படி ஒரு நாள், இரண்டு நாள் இழுத்து, கேட்பவரை யாராவது ஒரு உறவுக்காரர் வீட்டில் பாதுகாப்பாகக் கொண்டுவந்து இருத்தியபிறகுதான் உண்மையை வெளியே விடுவார்கள்.

அம்மருட்டில் எங்கள் மாடியில் இருந்த ஒரு அக்காவுக்குத் தாய் இறந்த செய்தியை இப்படி மறைத்து வைத்திருந்தார்கள். அந்த மனுசி தாய்க்கு என்று கடைகடையாக ஏறி இறங்கி, குளிருக்குப் போர்வை வாங்கிக்கொண்டு வந்து எங்களுக்கு விரித்துக் காட்டினார். நாங்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்து, நல்ல போர்வை என்றோம். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கத்தியோடு நின்றவள்

எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். செய்தவர் சின்னண்ணா.

அப்போது நானும் பாட்ஸ்பியோர்ட்டில் இருந்தேன். பகலும் இருட்டாகவே கிடக்கும் குளிர்காலம். தொழிற்சாலையில் ஆண்களோடு ஆளாக நின்று மீன் வெட்டினேன். கத்தி சவரத்தகடு மாதிரிக் கூர். கை விறைத்துப்போய், விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

ஒரு நாள் இடைவேளையில் சின்னண்ணா வந்து, "அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமையாம். ஆஸ்பத்திரியில வைச்சிருக்கு. கதைக்கிறார், உன்னைக் கேட்டவராம்" என்றார்.

நான் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? அன்றிலிருந்து மச்சம் தொடாமல் விரதம் இருந்தேன். நாள் முழுக்க மீனுக்குள் நின்றுகொண்டு மீன் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்து நோர்வேப் பெண்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கு நேரத்துக்கு மருந்து குடியுங்கோ என்று கடிதம் எழுதி, தபாற்கந்தோரில் வரிசையில் நின்று முத்திரை ஒட்டிப் போட்டேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து விடுதிக்கு வந்தால், அந்த ஊரில் இருந்த தமிழ்ச் சனம் அத்தனையும் சின்னண்ணாவின் அறையில் கட்டில்களில் நெருக்கிக்கொண்டு இருந்தது. சனிக்கிழமை என்றால் இறைச்சிக்கறி வாசம் படிக்கட்டு வரைக்கும் வரும். அன்றைக்கு ஒரு அடுப்பும் எரியவில்லை.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "எப்ப?" என்று கேட்டேன்.

"திங்கட்கிழமை" என்றார் சின்னண்ணா. "கத்தியோடை நிக்கிற உனக்கு நான் என்னண்டு சொல்லுறது? கையை வெட்டிப்போடுவாய் எண்டு பயந்தனான்."

அவர் மார்பில் குத்திக் குத்தி அழுதேன். எரித்து முடித்த அப்பாவுக்கு நான் மருந்து குடிக்கச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதம் அப்போது எந்த நாட்டுத் தபால் பையில் கிடந்ததோ தெரியாது. இனி என் சீவியத்தில் யாராவது கதைக்கிறார், உன்னைக் கேட்டவர் என்று சொன்னால் ஒருநாளும் நம்பமாட்டேன் என்று சொன்னேன்.

"நம்பாதை, பிள்ளை" என்று என் தலையைத் தடவினார் சின்னண்ணா. "நாங்கள் அப்பிடிப்பட்ட ஆக்கள்தான்."

தூரிட் கேட்ட கேள்வி

பாலத்தடிக்கு வருகிறேன்.

"சாப்பிட்டன்" என்றேன். "என்னப்பா, என்ன விசயம்?"

"ஒண்டுமில்லை. பக்கத்தில தூரிட் நிக்கிறாவோ?"

"நிக்கிறா. சொல்லுங்கோ."

"நீ பதறாதை. சின்னண்ணாவுக்குக் காலமை நெஞ்சு நோ வந்திட்டுது. அம்புலன்ஸ் வந்து ஏத்திக்கொண்டு போனது. இப்ப பரவாயில்லை. கதைக்கிறார். உன்னைக் கேட்டவர்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆனாலும் கேட்டேன். அதை மட்டும் நான் கேட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கவேண்டும்.

"நான் இப்ப அவரோடை கதைக்கலாமோ?"

"இப்ப ஏலாது, வதனி. டொக்டர் பாத்துக்கொண்டு நிக்கிறார், எங்களையும் வெளியில விட்டிட்டினம். பின்னேரம் எடுத்துத் தாறன். நீ பயணத்தைக் குழப்பாதை, என்ன?"

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் சொன்னதில் ஒரு சொல் மாறவில்லை. சாப்பிட்டியோ, பக்கத்தில் யார், பதறாதே, கதைக்கிறார், உன்னைக் கேட்டவர், இப்ப ஏலாது, பின்னேரம். அத்தனையும் அந்த ஒழுங்கில் வந்தன. சின்னண்ணா போய்விட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"என் அண்ணன் இறந்துவிட்டார்" என்று தூரிட்டிடம் சொன்னேன். இறந்துவிட்டார் என்ற சொல்லை, அவள் பழக்கியபடியே, நோர்வே மொழியில் தெளிவாகச் சொன்னேன்.

அவள் குச்சியைப் போட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு மழைக்கோட்டுகளும் உரசிச் சரசரத்தன. கொஞ்சம் பொறுத்து, "உன் கணவர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"அப்படியானால் அவர் உயிரோடு இருக்கிறார்."

"இல்லை. உனக்கு விளங்காது. நாங்கள் சாவை நேரே சொல்லமாட்டோம். இப்படித்தான் சொல்லுவோம்."

"ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பேசுகிறார் என்றால், இறந்துவிட்டார் என்றா அர்த்தம்?"

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். அடுத்த ஊரில் ரயில் இருக்கிறது, ஏறினால் பிராங்பர்ட் விமான நிலையத்துக்குப் போகலாம், இன்றைக்கே ஒஸ்லோ போய்விடலாம் என்றாள். என்ன அவசரம் என்று கேட்டேன். நோர்வேயில் செத்தவீடு ஒரு கிழமைக்குப் பிறகுதான். இறந்தவரை அவ்வளவு நாளும் குளிர் அறையில் வைத்திருப்பார்கள். ஓடிப்போய் யாரைப் பார்ப்பது?

"உன் ஆட்களை உனக்குத்தான் தெரியும்" என்றாள் தூரிட். வேறு யாராவது நோர்வேக்காரி என்றால் என்னோடு வாதாடியிருப்பாள். இவள் நல்லவள். எங்கள் பண்பாட்டுக்கு மரியாதை கொடுத்தாள்.

நான் கைத்தொலைபேசியை நிறுத்திப் பையின் அடியில் வைத்தேன். அவர்கள் இனி ஒவ்வொருவராக எடுப்பார்கள். கனடாவிலிருந்து பெரியண்ணா, லண்டனிலிருந்து மச்சாள். ஒவ்வொருவரும் சின்னண்ணாவுக்குக் கஞ்சி பருக்குவார்கள், நான் நம்புவதாக நடிக்கவேண்டும். அதற்கு என்னிடம் தெம்பு இல்லை. பின்னேரம் வரைக்கும் அவர்கள் தங்கள் பொய்யை வைத்திருக்கட்டும் என்று நினைத்தேன். தூரிட் விடுமுறைக்குத் தொலைபேசி கொண்டுவருவதில்லை. அது அவளுடைய கொள்கை.

ஆற்றோடு

பகல் முழுக்க ஓடினோம். மழை விடவே இல்லை. ஆறு பால்விட்ட தேத்தண்ணி நிறத்தில், எங்கள் பக்கத்திலேயே, எங்களைவிட மெதுவாக வந்துகொண்டிருந்தது. பாதையெல்லாம் ஓடில்லாத நத்தைகள். அவற்றின் மேல் ஏறாமல் ஓட்டுவது ஒரு வேலையாக இருந்தது. முந்திரிகைத் தோட்டங்கள் மலையில் செங்குத்தாக ஏறி மேகத்துக்குள் மறைந்தன. ஒரு நீளமான சரக்குப் படகு எங்களைக் கடந்து போனது. அதன் முதுகில் ஒரு கார் நின்றது. ஒரு பெண் படகின் சமையலறை யன்னலைத் திறந்து பாத்திரம் கழுவிய தண்ணீரை ஆற்றில் ஊற்றினாள். சின்னண்ணா இதைப் பார்த்தால் என்ன சொல்லுவார் என்று நினைத்து, அந்த இடத்திலேயே சைக்கிளை நிறுத்தி அழுதேன்.

மழைக்குள் அழுவது வசதி. முன்னுக்குப் போகிற தூரிட்டுக்குத் தெரியாது. எதிரே நாயோடு வந்த கிழவர் ஜேர்மன் மொழியில் வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

ஒரு பேருந்துத் தரிப்பிடத்தில் இருந்து சாப்பிட்டோம். பாணுக்குள் நோர்வேயின் மண்ணிறச் சீஸ், தூரிட் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தது. செத்தவீட்டு ஆள் நான், சாப்பிடக்கூடாது என்று சொன்னேன். அவள் என் பங்கையும் மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள். பிறகு என் சப்பாத்துகளைக் கழற்றி, தண்ணீரை ஊற்றிவிட்டு, காலுறைகளைப் பிழிந்து, குழந்தைக்குப் போடுவதுபோல எனக்குப் போட்டுவிட்டாள்.

திரும்ப ஏறியபிறகு சின்னண்ணாவோடு கதைக்கத் தொடங்கினேன். வாய்விட்டுத்தான். அந்தச் சின்ன அறையை உங்களுக்குத் தந்தது எனக்கு மனவருத்தம் என்று சொன்னேன். உங்களுக்கு ஒரு பெண் பார்க்காமல் விட்டது எங்களுடைய சுயநலம், வீட்டில் ஒரு ஆள் இருந்தால் வசதி என்று எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டோம் என்று சொன்னேன். பாட்ஸ்பியோர்ட்டில் நீங்கள் அனுப்பிய ரிக்கெற்றில் வந்து இறங்கிய அன்று, உங்கள் கையில் இருந்த காயங்களைக் கண்டு, உங்களைக் கட்டிப்பிடிக்க வெட்கப்பட்டு நின்றேன், இப்போது கட்டிப்பிடிக்கிறேன் என்று சொன்னேன். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் சொல்லாத அத்தனையையும் மோசல் ஆற்றங்கரையில் நத்தைகளுக்கு நடுவே சொல்லி முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டு கூடவே வருவதாக எனக்கு உறுதியாகத் தோன்றியது.

எந்தச் சட்டையைப் போட்டு அனுப்புவது என்றும் யோசித்தேன். அபியின் அரங்கேற்றத்துக்கு வாங்கிய நீலச் சட்டை என்று முடிவு செய்தேன். ரயில் நிலையம் இருந்த ஊரைத் தாண்டும்போது தூரிட் சைக்கிளை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேடையில் ஒரு ரயில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. நான் தலையை ஆட்டி, போ என்றேன்.

விடுதி

கொக்கெம் என்ற ஊரில் விடுதி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விடுதிக்காரி எங்கள் கோலத்தைப் பார்த்து, பழைய பத்திரிகைகளை வாசலிலிருந்து படிக்கட்டு வரைக்கும் விரித்தாள். நான் அறைக்குப் போய், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியைத் திரும்ப இயக்கினேன்.

அது அடங்காமல் சிணுங்கியது. எல்லாம் தவறிய அழைப்புகள். வீடு, கணவர், அபி, கணவர், அபி, திரும்பவும் அபி.

அபிக்கு எடுத்தேன். அவள் குரல் வரும்முன் அழுகை வந்தது.

"அம்மா... மாமா இப்ப கொஞ்சம் முன்னம்தான்..."

"எனக்குத் தெரியும், பிள்ளை. அழாதை. அம்மாவுக்குக் காலமையே தெரியும்."

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"காலமையோ? காலமை மாமா சூப் குடிச்சவர்."

மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் கட்டில் விரிப்பில் வடிந்துகொண்டிருந்தது.

"அம்மா? ஏன் மொபிலை நிப்பாட்டி வைச்சனீங்கள்? டொக்டர் போன உடனை மாமா உங்களோடை கதைக்கவேணும் எண்டவர். நான் நம்பரை அடிச்சு, அவரின்ரை காதுக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். எத்தினை தரம் பிடிச்சனான், அம்மா. மத்தியானத்துக்குப் பிறகுதான் அவருக்குத் திரும்ப நோ வந்தது. அதுமட்டும் நல்லாக் கதைச்சவர்."

"அப்பா... அப்பா சொன்னது..."

"அப்பா உங்களுக்கு எல்லாம் சொன்னவர்தானே? மாமா கதைக்கிறார் எண்டு சொன்னவர்தானே? ஏன் நம்பேல்லை?"

விமானத்தில் ஏறியிருந்தாலும் நேரத்துக்கு வந்திருக்கமாட்டாய் என்று பிறகு எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். வந்திருக்கமாட்டேன்தான். பையின் அடியில் கிடந்த தொலைபேசிக்கு என்ன ஆறுதல் சொல்வார்கள்? நான் அவருக்குச் சட்டை தெரிவு செய்துகொண்டிருந்த நேரத்தில் அவர் என் குரலைக் கேட்கக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். பகல் முழுக்க நான் அவரோடு கதைத்தேன். அவரும் பகல் முழுக்க என்னோடு கதைக்கக் காத்திருந்தார். இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வாழ வெறுத்துப்போகிறது. வருடங்கள் போனால் ஆறும் என்கிறார்கள், ஆறவில்லை.

"மாமா என்னைக் கேட்டவரோ?" என்று கேட்டேன்.

"கேட்டுக்கொண்டே இருந்தவர். அவள் ஏன் எடுக்கிறாளில்லை, மழைக்குள்ளை எங்கையும் விழுந்திட்டாளோ எண்டு கேட்டவர். பிறகு அப்பா போய்ச் சொன்னவர், அம்மா பிளேன் ஏறிட்டா, வந்துகொண்டு இருக்கிறா எண்டு."

என் கணவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பொய் சொல்லி ஒருவரைத் தேற்ற எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"அதுக்கு மாமா என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை, அம்மா. அப்பாவின்ரை முகத்தைப் பாத்துச் சிரிச்சவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவர். அதுக்குப் பிறகு உங்களைக் கேக்கவே இல்லை. நீங்கள் வாறீங்கள் எண்டதும் அவருக்கு நிம்மதியாப் போச்சு எண்டு நினைக்கிறன்."

அபி நோர்வேயில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஒருவர் வருகிறார் என்றால் வருகிறார் என்று நம்புகிறவள். தன் மாமா நிம்மதியாகப் போனார் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு இருக்கிறாள், தன் பிள்ளைக்கும் சொல்லுகிறாள். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரியும். நம்பாதை, பிள்ளை என்று என் தலையைத் தடவிய மனிதர் அவர். நான் அவளுக்குச் சொன்னதில்லை. அவளுக்குத் தமிழ் கதைக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் இதை இங்கே எழுதினேன்.